வெள்ளத்துக்குப் பிறகு வீடு: சாவியா, தவணையா, ஊர்க்கூட்டா?

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை எட்டரைக்கும் மறுநாள் காலை எட்டரைக்கும் நடுவில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிடக் காயல்பட்டினத்தில் அந்த ஒரு நாளில் பெய்தது கூடுதல். குளங்கள் உடைந்து, ஏற்கெனவே கரைபுரண்டு வந்த தாமிரபரணியோடு சேர்ந்துகொண்டன. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நகர முடியாமல் நின்றது. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்த அரிசி பருப்பைத் திரட்டிச் சமைத்து, சிக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கான பயணிகளுக்குச் சோறு போட்டார்கள். அவர்கள் ஊரிலும் அப்போது தண்ணீர்தான்.

அந்தச் சோற்றை யாரும் உத்தரவு போட்டுச் சமைக்கச் சொல்லவில்லை. எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி, யார் அடுப்பு, யார் பரிமாறுவது என்பதை ஊரே முடிவு செய்தது. அப்படிப்பட்ட ஊர்களில் தண்ணீர் வடிந்து ஒரு மாதம் கழித்து வீடு கட்டும் பேச்சு வரும்போது, அதே மனிதர்கள் கையைக் கட்டிக்கொண்டு, யாரோ வந்து என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டு நிற்பதைப் பார்க்கிறேன். என் ஊரும் அதே தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கம்தான். எங்கள் பக்கத்தில் நடந்த பேச்சையும், மற்ற இடங்களில் வெள்ளத்துக்குப் பின் வீடு கட்டிய விதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். இன்னொரு ஊர் இதே முடிவை எடுக்க உட்காரும்போது பயன்பட வேண்டும்.

ஓர் ஊரில் நாற்பது வீடு விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழி மூன்று. தொண்டு நிறுவனமோ கான்ட்ராக்டரோ கட்டி முடித்துச் சாவியைக் கையில் தருவது ஒன்று. பணம் தவணையாக அவரவர் கணக்கில் ஏறி, அவரவர் வீட்டை அவரவரே கட்டிக்கொள்வது இரண்டாவது. பணம் அவரவர் கணக்கில்தான் இருக்கும், ஆனால் சாமான் வாங்குவது, கொத்தனார் பிடிப்பது, வேலையைச் சரிபார்ப்பது எல்லாம் ஊராகச் சேர்ந்து செய்வது மூன்றாவது. இதைத்தான் ஊர்க்கூட்டு என்கிறேன்.

முதலில் பணம். 2023 வெள்ளத்தின்போது இருந்த மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் விதிப்படி, சமவெளியில் முழுதும் சேதமான வீட்டுக்கு 1,20,000 ரூபாய். அந்தப் பணத்தில் இன்றைக்கு ஒரு காங்கிரீட் வீடு எழும்பாது என்பது கொத்தனாரிடம் ஒரு வார்த்தை கேட்டாலே தெரியும். அதனால்தான் 2023 வெள்ளத்துக்குப் பிறகு தமிழக அரசு புதிதாகக் கட்ட 4 லட்சம் வரை, பழுதுபார்க்க 2 லட்சம் வரை என்று அறிவித்தது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளமும் முழுதாக விழுந்த வீட்டுக்கு 4 லட்சம்தான் தந்தது. ஆக மூன்று வழியிலும் தொகை ஏறக்குறைய ஒன்றே. அது யார் கை வழியாகப் போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

சாவி வழியின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தனியாக இருக்கும் வயதான அம்மா, கணவனை இழந்து பிள்ளைகளோடு கூலிக்குப் போகிறவர், படுக்கையில் கிடப்பவர் ஆகியோருக்கு இதைவிட்டால் வேறு நல்ல வழி இல்லை. ‘பணம் தருகிறோம், நீங்களே கட்டுங்கள்’ என்று அவர்களிடம் சொன்னால் அது உதவியாகாது, பாரமாகிவிடும். கேரளத்தில் ‘கேர் ஹோம்’ என்ற பெயரில் கூட்டுறவுச் சங்கங்கள் பொறுப்பேற்று சுமார் 2,000 வீடுகளைக் கட்டித் தந்தன. உள்ளூர்ச் சங்கம், உள்ளூர் முகம், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள். அதனால் அது நன்றாக நடந்தது.

ஊர் முழுவதற்கும் இந்த வழி என்று வரும்போதுதான் கதை மாறுகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் வரிசை வரிசையாகக் காங்கிரீட் வீடுகள் எழுந்தன. பல இடங்களில் இடத்தைச் சமப்படுத்துவதற்காக நிழல் தந்த மரங்கள் போயின, திண்ணை போனது, வலை காயப்போட்ட வெளி போனது. கட்டியவர்கள் நல்ல மனசோடுதான் வந்தார்கள். ஆனால் ஒரே படம், ஒரே அளவு, ஒரே உயரம் என்று கட்டினால்தான் அவர்களுக்குக் கணக்கு கட்டுப்படியாகும். எங்கள் பக்கம் பழைய தொகுப்பு வீடு ஒன்றில் இருக்கும் ஒரு பெரியம்மா சொன்னது: “வீட்டையும் தந்தாவ, சாவியையும் தந்தாவ. அடுப்பு எங்கன வைக்கணும்னு ஒருத்தரும் கேக்கலியே.” விறகடுப்புப் புகை வெளியேற வழியில்லாததால் அவர் சமையலை வெளியில் தகரம் இறக்கித்தான் செய்கிறார். 2023 வெள்ளத்தில் முதலில் போனது அந்தத் தகரமும் அடுப்பும்தான்.

‘ஒரே உயரம்’ என்று சொன்னேனே, அதை விளக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் மற்றதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

வெள்ளம் வடிந்ததும் எல்லாச் சுவரிலும் ஒரு சேற்றுக் கோடு நிற்கும். கோயில் சுவரில் நெஞ்சளவு, டீக்கடையில் இடுப்பளவு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். எங்கள் கொத்தனார் அண்ணாச்சி ஒருவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் டியூபை நிறையத் தண்ணீர் விட்டு, காற்றுக்குமிழி போகத் தட்டி, ஒரு முனையைக் கோயில் சுவரின் கோட்டில் ஒருவர் பிடித்துக்கொண்டார். மறுமுனையோடு அண்ணாச்சி தெருவில் இறங்கினார். தண்ணீர் இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தில்தான் நிற்கும் என்பதால், டியூபில் தண்ணீர் நின்ற இடத்தில் அடுத்த சுவரில் கரிக்கட்டையால் ஒரு கோடு. அங்கிருந்து அதற்கடுத்த சுவர். இப்படி ஒரு காலை நேரத்தில் தெரு முழுக்க ஒரே மட்டத்தை இழுத்துவிட்டார். கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த தெருதான். ஆனால் மேற்கு முனை வீட்டு வாசலில் கோடு இரண்டடி உயரத்தில் இருந்தது, கிழக்கு முனையில் கிட்டத்தட்ட ஐந்தடி. மேற்கு முனையில் விரிசலோடு நின்ற அதே மாதிரி வீடு கிழக்கு முனையில் குப்புற விழுந்துகிடந்ததற்கு அந்த மூன்றடிதான் காரணம்.

இப்போது யோசியுங்கள். அச்சடித்த படத்தில் பேஸ்மட்டம், அதாவது தெருவிலிருந்து வீட்டுத் தரையின் உயரம், இரண்டடி என்று இருந்தால், மேற்கில் அது போதும், கிழக்கில் அடுத்த வெள்ளத்திலும் கட்டில் நனையும். நாற்பது வீட்டுக்கும் ஒரே கணக்கில் டெண்டர் எடுத்தவர் கிழக்குத் தெருவுக்கு மட்டும் கூடுதலாக மூன்றடி தூக்க மாட்டார். 360 சதுர அடி வீட்டை மூன்றடி கூடுதலாகத் தூக்கினால், சுவர் போக, கிட்டத்தட்ட பத்து யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) கிராவல் வேண்டும். வெளிச்சுவர் அத்தனை அடிக்குக் கூடுதலாக எழ வேண்டும், படி கூட வேண்டும். யாராவது உட்கார்ந்து வீடு வீடாகப் பார்த்து, ‘இதற்கு இவ்வளவு, அதற்கு அவ்வளவு’ என்று பிரித்தால்தான் நடக்கும். அந்தத் தெருவில் குடியிருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கு அந்த அக்கறை வரும்?

தண்ணீரின் உயரம் மட்டும் வீட்டைக் கொல்வதில்லை. சேறு வைத்துக் கட்டிய பழைய செங்கல் சுவர்கள் பல, தண்ணீர் நின்றபோது நின்றுவிட்டு, வடிந்த இரண்டாம் மூன்றாம் நாளில் சரிந்தன. அடிச்சுவர் ஊறிப்போயிருந்தது. ‘தப்பிச்சோம்’ என்று பாயை விரித்தவர்கள் மேல் சுவர் விழுந்துவிடக் கூடாது என்றுதான் எங்கள் பக்கம் பெரியவர்கள் பிள்ளைகளைக் கொஞ்ச நாள் உள்ளே படுக்க விடவில்லை.

இனி தவணை வழி. இதற்கு நல்ல முன்னுதாரணம் பீகார். 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசாகாவில் கோசி ஆற்றின் கரை உடைந்து, ஆறே பழைய தடம் ஒன்றைப் பிடித்துக் கிழக்கே ஓடியது. சுபவுல், மாதேபுரா, சகர்சா, அராரியா, பூர்ணியா மாவட்டங்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அதன்பின் வந்த மறுகட்டுமானத் திட்டத்தில் கான்ட்ராக்டருக்கு இடம் இல்லை. வீட்டுக்கு 55,000 ரூபாய் குடும்பத்தின் கணக்குக்கே போனது. மூங்கிலா செங்கல்லா என்பதை அந்தக் குடும்பம் தீர்மானித்தது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2022 வெள்ளத்துக்குப் பிறகு இதையே மிகப் பெரிய அளவில் செய்கிறார்கள்: 21 லட்சம் வீடுகள், வீட்டுக்கு அந்நாட்டுப் பணத்தில் 3 லட்சம் ரூபாய், கட்டுமானம் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அடுத்த தவணை. வீட்டுப் பெண்களின் பெயரில் கணக்கு தொடங்கவும் மனைக்குப் பத்திரம் தரவும் அந்தத் திட்டத்தில் இடம் வைத்தார்கள். வீடு போன துயரத்திலிருந்து ஒரு பெண் தன் பெயரில் ஒரு மனையோடு எழுந்து வருகிறாள் என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

தன் பணத்தில் தன் வீட்டைக் கட்டுகிறவர் காட்டும் கவனத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. சிமெண்ட் பூச்சுக்கும் தளத்துக்கும் குறைந்தது ஏழு நாளாவது தண்ணீர் விட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கான்ட்ராக்டர் ஆள் இரண்டாம் நாளே அடுத்த வேலைக்குப் போய்விடுவான். வீட்டுக்காரி விடியற்காலையில் ஒரு குடம், வேலைக்குப் போய் வந்து ஒரு குடம் என்று ஊற்றுவாள். பத்து வருஷம் கழித்து எந்தத் தளத்தில் கம்பி துருவேறி வெளியே தெரியும் என்பதை அந்தக் குடங்கள்தான் தீர்மானிக்கின்றன.

ஆனால் தனித்தனித் தவணையை வெள்ளம் பாதித்த ஊரில் அப்படியே விட்டுவிட்டால் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிட்டேன். நாற்பது பேரும் ஒரே மாதத்தில் வேலை தொடங்குகிறார்கள். சுற்றுவட்டாரத்தில் நல்ல கொத்தனார் நான்கைந்து பேர்தான். எம் சாண்ட் லோடு விலை வாரத்துக்கு வாரம் ஏறுகிறது. முந்தியவர் பிடித்துக்கொள்கிறார், கடன் வாங்க வழி இருப்பவர் முந்திக்கொள்கிறார். முதல் தவணை கைக்கு வருவதற்கு முன் பேஸ்மட்டம் போட்டாக வேண்டும் என்றால் அந்தப் பணத்துக்கு வட்டிக்காரரிடம்தான் போக வேண்டியிருக்கிறது. கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் வரை எழுப்பிவிட்டுப் பணம் தீர்ந்து, மேலே தார்ப்பாயைக் கட்டிக் குடியேறிவிட்ட வீடுகளை எந்த வெள்ளப் பகுதியிலும் காணலாம். அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தனியாகச் சந்தைக்குப் போனவர்கள் அவர்கள்.

பட்டா விவகாரம் தனிச் சிக்கல். ஊர்க் குடியிருப்பு நிலமான நத்தத்தில் தாத்தா பெயரில் இருக்கும் மனை, மூன்று சித்தப்பாக்கள், ஒருவர் மும்பையில், ஒருவர் இல்லை. பத்திரம் வெள்ளத்தில் போய்விட்டது. விஏஓவிடமும் தாலுகா ஆபீஸுக்கும் ஒற்றை ஆளாக அலைகிறவர் கூலியை இழக்கிறார். ஊரில் இப்படி இருக்கும் பதினைந்து பேரின் விவரத்தையும் ஒரே பட்டியலாக எழுதி, எல்லாரும் சேர்ந்து ஒரே நாளில் போய் நின்றால் வேலை நகரும்.

அதனால்தான் என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. தவணை அவரவர் கணக்கில், அதில் ஊர் கை வைக்காது. கிராவல், ஜல்லி, கம்பி மட்டும் ஊராகச் சேர்ந்து விலை பேசி வாங்குவது. நாற்பது வீட்டுக்குப் பேசும்போது லோடு கொண்டுவருகிறவர் வேறு குரலில் பேசுவார். சிமெண்ட்டை மொத்தமாக வாங்கி அடுக்கக் கூடாது, மூன்று மாதம் போனால் கட்டி தட்டி பலம் இழக்கும். பத்துப் பத்து வீடாகப் பிரித்து, கொத்தனார் குழுவுக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் வேலையைப் பத்து வீட்டிலும் ஒரே வாரத்தில் தருவது. யார் வீடு முதல் பத்தில் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பது. ஆதரவற்றவர் வீடுகளைக் குலுக்கலில் போடாமல் முதலில் ஊரே கட்டிக் கொடுப்பது. சாவி வழியின் நல்லது இங்கே உள்ளே வந்துவிடுகிறது.

கைமாற்றுக்கு மகளிர் குழு. கேரளத்தில் இதைத்தான் செய்தார்கள். அங்கே அரசின் மகளிர் குழுத் திட்டமான குடும்பஸ்ரீயின் பத்து இருபது பெண்கள் கொண்ட அயல்கூட்டங்கள் வெள்ளம் வடிந்ததும் சேறு வாரிய வீடுகள் ஏராளம். பிறகு அதே கூட்டங்கள் வழியாகக் குடும்பத்துக்கு 1 லட்சம் வரை வட்டியில்லாக் கடன் போனது, வட்டியை அரசு ஏற்றது. மண்வெட்டி பிடித்த கைக்கே கடன் புத்தகத்தையும் கொடுத்தார்கள். யார் வீட்டில் என்ன போனது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாததா? எங்கள் பக்கமும் குழு இல்லாத தெரு கிடையாது. அவர்களைக் கோலம் போடவும் ஊர்வலம் போகவும் மட்டும் கூப்பிடும் பழக்கத்தை நிறுத்தினால் போதும்.

இந்த வழிக்கு ஓர் ஆபத்து இருக்கிறது, அதை மறைத்து எழுதினால் நான் ஊருக்குத் துரோகம் செய்தவன். எங்கள் பக்கம் ‘ஊர்’ என்றால் பல நேரம் ஒரு சாதியின் தெருதான். ஊர்க் கமிட்டியும் தலைக்கட்டு வரியும் அந்தத் தெருவுக்குள்ளேதான். பள்ளத்தில் இருப்பது காலனி. தண்ணீர் முதலில் நிற்பதும் கடைசியில் வடிவதும் அங்கே. அவர்கள் அந்தக் கமிட்டியில் இல்லை. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் தலித் குடும்பங்கள் நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. ஊரிடம் கொடுங்கள் என்று சொல்லிக் கொடுத்து, அது மேலத்தெருவோடு நின்றுவிட்டால் அதைவிட கான்ட்ராக்டரே மேல். ஆகவே கமிட்டி தெருவுக்கு இருவர், அதில் ஒருவர் பெண் என்று புதிதாக அமைய வேண்டும். கூட்டம் கோயில் வாசலில் நடக்காமல், எல்லாரும் உட்கார முடிகிற பள்ளிக்கூடத்தில் நடக்க வேண்டும். வாங்கிய லோடு, கொடுத்த பணம் இரண்டும் ரேஷன் கடைச் சுவரில் எழுதி ஒட்டப்பட வேண்டும். வாடகைக்கு இருந்தவர்கள் பெயரும் பட்டியலில் வர வேண்டும். எந்த அரசுப் பட்டியலிலும் அவர்கள் வீட்டுக்காரராக வரமாட்டார்கள், ஆனால் அவர்கள் பாத்திரமும் பிள்ளைகளின் புத்தகமும் அதே தண்ணீரில்தான் போயின.

இவ்வளவு ஒழுங்கு தங்கள் ஊரில் சாத்தியமில்லை, இருக்கிற கமிட்டியை மாற்ற யாரும் சம்மதிக்க மாட்டார்கள் என்று நேர்மையாகத் தெரிந்தால், தனித் தவணையோடு நில்லுங்கள். சாமான் வாங்குவதை மட்டும் மகளிர் குழுவிடம் விடுங்கள்.

ஊரையே மேட்டுக்கு மாற்றிவிடலாம் என்ற பேச்சும் வெள்ளத்துக்குப் பிறகு கட்டாயம் வரும். குளம் நிரம்பி வழிகிற மறுகால் தண்ணீர் பாய்கிற ஓடைக்குள்ளும் ஆற்றுப் புறம்போக்கிலும் இருக்கும் வீடுகள் மாறித்தான் ஆக வேண்டும், அங்கே பேஸ்மட்டத்தை எவ்வளவு தூக்கினாலும் காப்பாற்றாது. மற்றவர்களை நகர்த்த வேண்டாம் என்பதே என் கருத்து. வாழைத் தோட்டத்துக்கு விடியுமுன் போகிறவருக்கும், நடுச்சாமத்தில் எழுந்து உப்பளத்துக்குக் கிளம்புகிறவருக்கும் எட்டு கிலோமீட்டர் தள்ளிக் கிடைக்கும் வீடு ஒவ்வொரு நாளும் கூலியில் ஒரு பங்கைத் தின்னும்.

வீட்டோடு குளத்தையும் பேச வேண்டும். குடிமராமத்து என்ற சொல்லே இந்த மண்ணில் பிறந்தது, வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து குளத்தைப் பார்த்துக்கொண்ட காலம் அது. உடைந்த கரையைக் கட்டுவது நீர்வளத்துறையின் வேலை, அதை ஊர் தலையில் கட்டக் கூடாது. மறுகால் ஓடையில் அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தை வெட்டுவதும், மடைப்பலகை ஏறி இறங்குகிறதா என்று புரட்டாசியில் போய்ப் பார்த்து எழுதிக் கொடுப்பதும் ஊரால் முடியும்.

நாள் கணக்கு கடைசியாக. எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசி முதல் மார்கழி வரை. தை, மாசிக்குள் பட்டா வேலையும் மட்டம் பார்ப்பதும் முடிந்து, பங்குனியில் வானம் தோண்டினால் ஆடிக்குள் தளம் போடலாம். ஆவணிக்குத் தள்ளினால் பூச்சு மழையில் மாட்டும்.

இன்னும் சேற்றுக் கோடு அழியாத சுவர் உங்கள் தெருவில் எங்காவது இருந்தால், வெள்ளையடிக்கும் முன் அதில் ஒரு காங்கிரீட் ஆணியை அடித்துவையுங்கள். பக்கத்தில் தேதியை பெயிண்டில் எழுதுங்கள். டியூபைப் பிடிக்க இரண்டு பேர் போதும், ஒரு காலை போதும். கிழக்கு முனையில் இருப்பவரைக் கட்டாயம் கூப்பிடுங்கள்.